மஞ்சப்பையில் பதினேழு சாக்ஸ்

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்விகளும், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரின் பதில்களும்

போன இதழில் துணி மடிப்பதைப் பற்றி எழுதும்போது, "எங்கள் வீட்டில் சாக்ஸை ஜோடி சேர்ப்பதே இல்லை, எல்லாம் ஒரே ரகம், டப்பாவில் கொட்டிவிடுவோம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வீட்டுக்கடன் வட்டியைப் பற்றி மூன்று பக்கம் எழுதியபோது நாலு கடிதம் வந்தது. இந்த ஒரு வரிக்கு ஒரு கட்டு வந்திருக்கிறது. அதனால் இந்த இதழ் முழுக்க சாக்ஸ்தான். காலுறை என்று எழுதலாம். எழுதினால் என் பேரனே படிக்கமாட்டான். வழக்கம்போல் யார் பெயரும் போடவில்லை, ஊர் மட்டும்.

வாசகி, தாம்பரம்: டீச்சர், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குக் கட்டிலில் சாக்ஸ் மலையைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கறுப்பும் கருநீலமும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலவே தெரிகிறது. காலையில் வேன் வந்து நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. உங்கள் வீட்டில் நிஜமாகவே எல்லாம் ஒரே ரகம்தானா? எப்படி ஆரம்பித்தீர்கள்?

நிஜம்தான். ஆனால் ஒரே நாளில் வந்த ஞானம் இல்லை. இரண்டு தடவை சொதப்பிய பிறகு வந்தது.

2004 ஜூன். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம். பெரியவன் ஏழாவது, சின்னவன் நாலாவது. அவர் பேங்க்குக்குப் போய்க்கொண்டிருந்தார், நான் ஸ்கூலுக்கு. பீரோ கைப்பிடியில் ஒரு மஞ்சப்பை தொங்கும். யாரோ கல்யாணத்தில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுத்த பை. ஜோடி கிடைக்காத சாக்ஸையெல்லாம் "அப்புறம் கிடைக்கும்" என்று அதில் போட்டுவைப்பேன். அன்றைக்குப் பெரியவன் ஒரு காலில் இரண்டு கோடு, மறு காலில் மூன்று கோடு போட்ட சாக்ஸோடு பி.டி. பீரியடுக்குப் போய், வெயிலில் நிறுத்தப்பட்டுவிட்டு வந்தான். சாயங்காலம் அழவில்லை. "நீயும் டீச்சர்தானேம்மா, உனக்கு ரெண்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று மட்டும் கேட்டான்.

மஞ்சப்பையைத் தரையில் கொட்டினேன். பதினேழு இருந்தன. பதினேழில் ஒரு ஜோடி தேறவில்லை. மூன்று கறுப்பு இருந்தது, ஆனால் ஒன்றில் விளிம்பில் கோடு, ஒன்று வரிவரியாகப் பின்னியது, ஒன்று வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. ஏழு வருஷமாக நான் சேர்த்துவைத்த சொத்து.

அந்த சனிக்கிழமையே சின்னக்கடை வீதிக்குப் போய் அவருக்கு அரை டஜன் ஒரே மாதிரி கறுப்பு வாங்கினேன். இது முதல் சொதப்பல். புதுசு வாங்கினேனே தவிர, பழசைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. "நல்லாத்தானே இருக்கு, வீணாகுமே." ஆறு ரகம் இருந்த இடத்தில் ஏழு ரகம் ஆனது, அவ்வளவுதான் லாபம். கறுப்புக் குவியலில் புதுக் கறுப்பைத் தேடுவது முன்பைவிடக் கஷ்டம். உங்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதுதான்: புதுசு வீட்டுக்குள் வருகிற நாளே பழசு வெளியே போகவேண்டும். கிழிந்ததோ, முழுசோ, மாமியார் வாங்கிக் கொடுத்ததோ.

இரண்டாவது, எண்ணிக்கை. நிறைய வாங்கினால் நிம்மதி என்று நினைப்போம். அப்படியில்லை. நிறைய இருந்தால் துவைப்பது தள்ளிப்போகும், கூடை நிரம்பும். என் கணக்கு இது: ஒரு துவைப்புக்கும் அடுத்த துவைப்புக்கும் நடுவே அதிகபட்சம் எத்தனை நாள்? எங்கள் வீட்டில் புதனும் ஞாயிறும், ஆகவே நாலு. ஐப்பசி மழையில் காய எத்தனை நாள்? இரண்டு. அவசரத்துக்கு இரண்டு. மொத்தம் எட்டு ஜோடி. வாரம் ஒரு தடவை மட்டும் துவைக்கிற வீடென்றால் பத்து, பதினொன்று வரும். கடையில் டஜனாகத்தான் கொடுப்பார்கள் என்றால் ஒரு டஜன். அதற்குமேல் வேண்டாம்.

மூன்றாவதை நான் சொல்லாமலே உங்கள் பாட்டி செய்திருப்பார். புது அரிசி வந்தால் பழைய அரிசிக்கு மேலே கொட்டுவோமா? பழசு முன்னால், புதுசு பின்னால். சாக்ஸ் டப்பாவில் நான் அதைச் செய்யாமல் விட்டேன். துவைத்ததை மேலே போட்டேன், அவர் மேலேயிருந்து எடுத்தார். ஆறே மாசத்தில் மேல் வரிசை எட்டு சாக்ஸ் தேய்ந்து சல்லடை, அடியில் கிடந்தவை கடையில் வாங்கின மாதிரியே பளபள. மறுபடியும் இரண்டு ரகம்! இதுதான் இரண்டாவது சொதப்பல். இப்போது நீளமான டப்பா. துவைத்தது பின்னால் போகும், எடுப்பது முன்னாலிருந்து. எல்லாம் சேர்ந்தே கிழடாகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வழியனுப்பலாம்.

கடைசியாக, கறுப்பும் கருநீலமும் இரண்டுமே வேண்டுமா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவருடைய கருநீலத்தை யாரும் இதுவரை கவனித்திருக்க மாட்டார்கள்.

வாசகர், ஈரோடு: நான் பொறியியல் மாணவன். இதில் கணக்கு என்ன இருக்கிறது? சோம்பேறித்தனத்துக்குக் கணக்குச் சாயம் பூசுகிறீர்களா?

சோம்பேறித்தனம்தான். அதற்குக் கணக்கும் துணையிருக்கிறது, பாருங்கள்.

பத்து ஜோடி, பத்தும் வேறு வேறு ரகம். இருபது சாக்ஸ் குவிந்து கிடக்கிறது. ஒன்றை எடுத்து அதன் ஜோடியை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடுகிறீர்கள். மீதி பத்தொன்பதில் அது எங்கேயும் இருக்கலாம். சராசரியாகப் பத்தாவது புரட்டலில் அகப்படும். அடுத்த ஜோடிக்குச் சராசரி ஒன்பது, அடுத்து எட்டு... கடைசியில் ஒன்று. கூட்டினால் 55. ஒவ்வொரு துவைப்புக்கும் 55 தடவை "இதுவா, இல்லை, இதுவா, இல்லை." பத்து ஜோடியும் ஒரே ரகமென்றால் அந்த 55 அப்படியே பூஜ்யம். கையில் வருகிற இரண்டும் ஜோடி.

தொலைந்துபோவதில்தான் இன்னும் சுவாரஸ்யம். அதே இருபதில் நாலு சாக்ஸ் எப்படியோ காணாமல் போகிறது என்று வையுங்கள். மொத்தத்தில் இரண்டு ஜோடிதானே நஷ்டம், எட்டு ஜோடி மிஞ்சுமே என்று தோன்றும். மிஞ்சாது. போன நாலும் நாலு வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்தவையாக இருக்கும் வாய்ப்பு என்ன? முதலாவது எதுவானாலும் சரி. இரண்டாவது அதன் ஜோடியாக இல்லாமலிருக்க 19-ல் 18. மூன்றாவதுக்கு 18-ல் 16. நாலாவதுக்கு 17-ல் 14. பெருக்கிப் பாருங்கள், நூற்றுக்கு 69 தடவை. அப்போது மிஞ்சுவது ஆறு ஜோடியும் நாலு ஒற்றையும். சரியாக இரண்டு முழு ஜோடிகள் தொலைந்து எட்டு மிஞ்சுகிற அதிர்ஷ்டம் நூற்றில் ஒரு தடவைகூடக் கிடையாது. ஒரே ரகமாக இருந்தால்? நாலு போனாலும் எப்போதும் எட்டு ஜோடி. என் மஞ்சப்பை எப்படி நிரம்பியது என்று இப்போது புரிகிறதா?

நான் வகுப்பில் கேட்கும் பழைய கேள்வி ஒன்று: கரண்ட் இல்லை, பெட்டியில் பத்துக் கறுப்பும் பத்து வெள்ளையும் கலந்து கிடக்கிறது. நிச்சயமாக ஒரு ஜோடி வேண்டுமென்றால் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்? முன்பெஞ்சுப் பிள்ளைகள் வேகமாக "பதினொண்ணு டீச்சர்" என்பார்கள். மூன்று போதும். நிறம் இரண்டுதான், மூன்று எடுத்தால் அதில் இரண்டு ஒரே நிறமாக இருந்தே தீரும். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி, "டீச்சர், எல்லாமே வெள்ளையா வாங்கினா ரெண்டு போதுமே" என்றாள். அவளுக்குத்தான் நான் முழு மார்க் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

வாசகி, மதுரை: தினமும் ஸ்கூட்டியில் போகிறேன். வெயிலுக்காகச் செருப்போடு போடுகிற, கட்டைவிரல் பிரிந்த தோல் நிற சாக்ஸ்தான் என்னிடம் இருப்பது. ஒரே ரகத்தில் ஆறு ஜோடி வாங்கினேன். அப்படியும் ஜோடி சேரமாட்டேன் என்கிறது! உங்கள் கணக்கு எங்கே தப்பு?

கணக்கில் தப்பில்லை, சாக்ஸில்தான் இருக்கிறது. தம்ப் சாக்ஸில் கட்டைவிரல் ஒரு பக்கம். இடது, வலது என்று ஆகிவிட்டது. பன்னிரண்டும் ஒரே நிறமானாலும் அது ஒரு ரகம் இல்லை, இரண்டு ரகம். மூன்று வலது தொலைந்தால் உங்களிடம் இருப்பது மூன்றே ஜோடி, கூடவே மூன்று வேலையற்ற இடது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பெர்ட்ரண்ட் ரசல் என்ற தத்துவக்காரர், கணக்கின் அஸ்திவாரத்தைப் பற்றி யோசித்தவர், ஒரு கோடீஸ்வரரைக் கற்பனை செய்தார். அவரிடம் முடிவே இல்லாத எண்ணிக்கையில் பூட்ஸ் ஜோடிகள், அதே அளவு சாக்ஸ் ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்றை எடு என்றால், பூட்ஸுக்கு விதி சொல்லிவிடலாம்: "எல்லாவற்றிலும் இடது." சாக்ஸுக்கு என்ன விதி சொல்வது? இரண்டும் ஒன்றே. முடிவில்லாத ஜோடிகளுக்கு விதியே இல்லாமல் தேர்ந்தெடுக்கலாமா என்று கணக்கு மேதைகள் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உங்களுடையது பெயரில் சாக்ஸ், குணத்தில் பூட்ஸ். ரசலுக்குச் சுலபம், உங்களுக்குக் கஷ்டம்.

வழி உண்டு. குதிகால் வளைவு இல்லாமல் நேர்ப் பை மாதிரி வருகிற மலிவு ரகம் இருக்கிறதே, அதைப் புரட்டிப் போட்டால் எந்தக் காலுக்கும் பொருந்தும். குதிகால் பின்னியது வேண்டாம். நேர்ப் பை பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் ஸ்கூட்டியில் போகும்போது உங்கள் குதிகாலை யார் பார்க்கிறார்கள்?

இன்னொரு தகவல், சும்மா. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்ற பழைய ஊரில் தோண்டி எடுத்த ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. 4, 5-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிவப்பு. செருப்போடு போடுவதற்காகக் கட்டைவிரல் பிரித்துப் பின்னியது! நீங்கள் ஆயிரத்தைந்நூறு வருஷப் பழக்கத்தைத்தான் தொடர்கிறீர்கள்.

வாசகி, கோவை: எனக்கு இரண்டு பையன்கள், ஐந்தாவதும் இரண்டாவதும். நாலு நாள் விளிம்பில் கோடு போட்ட கருநீல சாக்ஸ், புதன்கிழமை மட்டும் வெள்ளை யூனிஃபார்முக்கு வெள்ளை சாக்ஸ். பாத அளவும் வேறு. எப்படி ஒரே ரகம்?

முடியாது. இரண்டு பையன், இரண்டு நிறம், ஆக நாலு ரகம். அதை மூன்றாக்கக்கூட எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் நாலு ரகம் பதினாலாக ஆகாமல் தடுக்கலாம்.

நிறத்தைக் கண் பிரித்துவிடும்; அளவைத்தான் பிரிக்காது. பெரியவனுடையதும் சின்னவனுடையதும் துவைத்துக் காய்ந்தபின் ஒரே நீளமாகத் தெரியும். போட்டால்தான் குதிகால் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்பது தெரியும். அதனால் குறி போடுங்கள். சலவைக்காரர்கள் அந்தக் காலத்தில் சேராங்கொட்டைச் சாற்றில் குறி வைப்பார்கள், தெரியுமா? எத்தனை வெள்ளாவி கண்டாலும் போகாது. ஊரில் நூறு வீட்டு வேட்டி ஒரே வெள்ளை. ஒன்று மாறாமல் திரும்பி வரும். வேட்டியின் ஓரத்தில் கடுகளவு புள்ளியும் கோடும்தான் முகவரி. (சேராங்கொட்டையை நீங்கள் தொடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும்.) நமக்குச் சிவப்பு நூலும் ஊசியும் போதும். பெரியவன் சாக்ஸில் விரல் நுனித் தையலுக்குப் பக்கத்தில் வெளிப்பக்கமாக இரண்டு தையல். ஷூவுக்குள் போய்விடும், பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். சின்னவனுக்கு ஒன்றும் வேண்டாம். குறி இல்லாததே அவன் குறி.

அடுத்த வருஷம் பெரியவனுடையது சின்னவனுக்கு இறங்கும்போது அந்த நூலைப் பிரிக்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன். ஒரு மாசம் முழுக்கச் சின்னவன், "அம்மா, எனக்கு எப்பவும் அண்ணாவோடதே வருது" என்று புகார் சொன்னான். அது உண்மையும்கூட.

வாசகர், திருப்பூர்: டீச்சர், நான் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். "எல்லாம் ஒரே ரகம்" என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். அடுத்த டஜனை அதே கடையில் அதே ரகமாக வாங்கினாலும் அதே கறுப்பு ஒருநாளும் வராது. லாட்டுக்கு லாட் ஷேடு மாறும்.

ஒப்புக்கொள்கிறேன். இவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். இடமில்லாததால் சாரத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு தொட்டியில் ஒரு தடவை முக்கி எடுப்பது ஒரு லாட். அடுத்த லாட்டில் தண்ணீர், சூடு, நூல் ஏதாவது ஒன்று கொஞ்சம் மாறினாலும் கறுப்பு மாறும். ஒன்று பச்சை ஓடும், ஒன்று சிவப்பு ஓடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஆனால் இரண்டு கால் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கிறது! "வாங்கும்போது ஒரே பண்டல் பிரிக்காமல் வாங்குங்கள், உதிரியாகக் கூடையில் கிடப்பதில் பொறுக்காதீர்கள்" என்பது இவர் அறிவுரை. நான் சொன்னதைவிடச் சரியானது.

கூடவே எலாஸ்டிக்கைப் பற்றியும் எழுதியிருக்கிறார். என் பள்ளிக்காலத்தில் சாக்ஸ் மத்தியானத்துக்குள் கணுக்காலில் வந்து உட்கார்ந்துவிடும். பூக்காரம்மா பொட்டலத்தில் சுற்றித் தரும் ரப்பர் பேண்டை மாட்டிக்கொண்டு போவோம். சாயங்காலம் கெண்டைக்காலில் வளையல் போட்டமாதிரி தடம் இருக்கும். இன்றைய சாக்ஸ் நிற்பதற்குக் காரணம் பருத்தியோடு சேர்த்துப் பின்னும் ஸ்பான்டெக்ஸ் இழை. 1958-ல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்தது. அதற்கு இரண்டு எதிரி: கொதிக்கிற வெந்நீர், ப்ளீச்சிங். வெள்ளை சாக்ஸ் அழுக்குப் போகவில்லை என்று ப்ளீச்சிங்கில் ஊறவைத்தால் மஞ்சளாகும், விளிம்பும் தொளதொளக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம், பிறகு சொட்டு நீலம். நிழலில் காயப்போடுங்கள்.

வாசகர், அம்பத்தூர்: பட்டறையில் பத்து மணி நேரம் சேஃப்டி ஷூ. வீட்டில் ஷூவைக் கழற்றினால் குழந்தைகள் ஓடுகிறார்கள். ஒரே ரகம் வாங்கினால் நாற்றம் போகுமா?

போகாது. பத்து ஜோடியும் ஒரே மாதிரி நாறும்.

வியர்வைக்கு வாடை கிடையாது. தோலில் இருக்கிற பாக்டீரியா அதைத் தின்றுவிட்டு வெளியே விடுகிற அமிலத்துக்குத்தான் வாடை. ஐசோவலரிக் அமிலம் என்று பெயர். லிம்பர்கர் என்ற ஐரோப்பியச் சீஸிலும் அதே வாடை. ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் கொசு அந்தச் சீஸுக்கும் மனிதக் காலுக்கும் ஒரேமாதிரி மயங்குகிறது என்று காட்டியவர்களுக்கு 2006-ல் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசு கொடுத்தார்கள். ஆகவே உங்கள் குழந்தைகள் ஓடினாலும் கொசு வரும்.

இதற்குச் சாக்ஸைவிட ஷூ முக்கியம். பத்து மணி நேரம் நனைந்த ஷூ ஒரு ராத்திரியில் உலராது. இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள். செலவுதான், கம்பெனியில் இன்னொன்று கேட்டுப் பாருங்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சாக்ஸ் மாற்றுங்கள். இதற்குத்தான் ஒரே ரகம் உதவும், பையில் இரண்டைப் போட்டுக்கொண்டு போனால் போதும். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போடுங்கள், அழுக்கு இருப்பது அங்கேதான். விரலிடுக்கில் வெள்ளையாகத் தோல் உரிந்தாலோ, பாதத்தில் குழிகுழியாக இருந்தாலோ தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வாசகி, திருநெல்வேலி: அப்பாவுக்கு 71 வயது, இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போகிறது. சாக்ஸ் போடச் சொன்னார் டாக்டர். உங்கள் வரியைப் படித்துவிட்டு ஒரே மாதிரி கறுப்பு சாக்ஸ் ஒரு டஜன் வாங்கிவிட்டேன்.

அம்மா, முடிந்தால் இன்றைக்கே மாற்றிக்கொண்டு வாருங்கள். ஒரே மாதிரி வாங்கியது சரி. கறுப்பு வாங்கியதுதான் தப்பு. என் வரியைப் படித்து வாங்கியதாக எழுதியிருப்பதால் பாதித் தப்பு என்னுடையது.

மரத்த பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, கல் அறுத்தாலும் தெரியாது. வலி சொல்லாததைச் சாக்ஸ்தான் சொல்லவேண்டும். வெள்ளையானால் ஒரு சொட்டு ரத்தமோ சீழோ பட்டாலும் கழற்றும்போது கண்ணில் படும். கறுப்பில் ஒன்றும் தெரியாது. வெள்ளையோ, வெளிர் நிறமோ வாங்குங்கள். மேல்விளிம்பு இறுக்காததாக இருக்கவேண்டும். கழற்றியபின் காலில் தடம் விழுந்தால் அது அப்பாவுக்கு ஆகாது. விரல் பக்கம் தையல் தடிப்பாக உறுத்தினால் தையல் வெளிப்பக்கம் வரும்படி புரட்டிப் போட்டுவிடுங்கள், பார்க்க எப்படியிருந்தாலும் பரவாயில்லை. ஒட்டுப்போட்ட சாக்ஸ் வேண்டாம். தினம் மாற்றவேண்டும். செருப்போ ஷூவோ, போடுவதற்கு முன் கையை உள்ளேவிட்டுத் தடவிப் பாருங்கள்.

என் மாமனாருக்கும் இதே கதை. அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்க்க முடியாதவர். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்ப்பது என் வேலை. ஒருநாள் சுண்டுவிரல் இடத்தில் கடுகளவு பழுப்புக் கறை. விரலைப் பிரித்துப் பார்த்தால் கீழே கொப்புளம். நாலு நாளில் ஆறியது. கறுப்பு சாக்ஸாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன். புண்ணோ நிறமாற்றமோ தெரிந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றைக்கே டாக்டர். கடையில் "காலுக்கு நல்லது" என்று விற்கிற இறுக்கமான நீள சாக்ஸை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

வாசகர், சேலம்: காணாமல்போகிற சாக்ஸ் எங்கேதான் போகிறது?

உங்கள் வீட்டு மெஷின் என்ன ரகமோ அதைப் பொறுத்தது. செமி ஆட்டோமேட்டிக் என்றால், பிழிகிற தொட்டியில் துணிக்கு மேலே அமுக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுத்திருப்பார்களே, அதைப் பரணில் போட்டிருப்பீர்கள். அது இல்லாமல் சுற்றினால் சின்னத் துணி மேலே ஏறி, சுற்றுகிற தொட்டிக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே இறங்கிவிடும். முன்னால் கதவு வைத்த மெஷினில் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்பில் விரலைவிட்டுத் துழாவிப் பாருங்கள். பிறகு தலையணை உறைக்குள், போர்வை மூலைக்குள்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் இல்லை. மொட்டைமாடிக் கொடியில் கிளிப் போடச் சோம்பல். ஒரு பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் சாரத்தில் ஏறிப் பக்கத்து வீட்டு சன்ஷேடிலிருந்து ஐந்து சாக்ஸை எடுத்துக் கீழே போட்டார். ஐந்தும் வேறு வேறு, பழைய காலத்தவை. மஞ்சப்பையிலிருந்த அவற்றின் ஜோடிகளை நான் அதற்கு முந்தின மாசம்தான் வீட்டைவிட்டு அனுப்பியிருந்தேன்.

வாசகி, பெங்களூரு: எனக்கு வயது 23. பூப்போட்டது, அன்னாசிப்பழம் போட்டது என்று சாக்ஸ் சேர்க்கிறேன். உங்கள் யோசனை ஜெயில் யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறது.

தாராளமாகப் போடுங்கள். ஜோடியே சேர்க்காமல் இஷ்டத்துக்கு இரண்டைப் போட்டுக்கொண்டாலும் அந்த 55 தேடல் மிச்சம்தான், என் வழியும் உங்கள் வழியும் அங்கே ஒன்றாகிவிடும். மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் நாளில், வேண்டுமென்றே ஜோடி மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள் உலகமெங்கும் உண்டு. ஐன்ஸ்டைன் சாக்ஸே போடமாட்டார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது வீட்டில் மற்றவர் சாக்ஸை ஜோடி சேர்க்கிறவர்தான். உங்கள் அன்னாசிப்பழத்தை யார் துவைக்கிறார்கள்? அம்மா என்றால் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.

வாசகி, கும்பகோணம்: எல்லாம் ஒரே ரகமாக வாங்கி, கடைசியில் ஒற்றைப்படையில் ஒன்று மிஞ்சினால் அதை என்ன செய்வது டீச்சர்?

மிஞ்சும். இப்போது எங்கள் டப்பாவில் பதினொன்று இருக்கிறது. அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், சாக்ஸ் போடுவது கல்யாணத்துக்கும் மார்கழிக் குளிருக்கும் மட்டும். ஒரே ரகத்தில் ஒரு வசதி, எது தொலைந்தது என்று தெரியாது. தொலைந்தது என்பதே எண்ணினால்தான் தெரியும்.

அந்தப் பதினேழை என்ன செய்தேன் என்று கேட்டால், ஸ்கூலுக்குக் கொண்டுபோனேன். டஸ்டர் கேட்டு ஆபீசுக்கு மூன்று தடவை எழுதியும் வரவில்லை. சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தால் டஸ்டரைவிட நன்றாகத் துடைக்கும், விரலில் சாக்பீஸ் தூளும் ஒட்டாது. முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரம் லீடர் பெண் பக்கத்து வகுப்புக்கும் ஒன்று கேட்டு வந்து நின்றாள். இரண்டு கோடு போட்டதைக் கொடுத்தேன். மூன்று கோட்டை எனக்கு வைத்துக்கொண்டேன்.